அம்மாவுக்குத் தெரிந்த ஒரே சீன எழுத்து

என் அம்மாவுக்குச் சீன மொழியில் ஒரே ஓர் எழுத்துதான் தெரியும். அதை நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அப்போது எனக்குப் பதினாறு வயது. அப்பா எங்களை விட்டுவிட்டு, மலேசியாவில், எங்கள் கிள்ளானிலேயே சலூன் வைத்திருந்த ஒரு சீனப் பெண்ணோடு போய்விட்டிருந்தார். அந்தப் பெண்ணை அவளுடைய மொழியிலேயே திட்டிவிட வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. வாயால் அல்ல, கோலமாவால்.

எழுத்து இதுதான்: 妖. மாண்டரினில் 'யாவ்' என்பார்கள். இடப்பக்கம் இருப்பது பெண். வலப்பக்கம் இருப்பது வானம் என்ற எழுத்தைப் போலவே தெரியும், உச்சிக்கோடு மட்டும் சாய்ந்திருக்கும். இயல்புக்கு மாறானது, இந்த உலகத்தைச் சேராதது, பார்த்தவனை மயக்கிக் கவிழ்ப்பது, எல்லாமே இதற்குள் அடக்கம். அடுத்தவள் புருஷனை மடக்கிக்கொண்டவளைத் திட்டுவதற்கும் சீனப் பெண்கள் இதைத்தான் எடுப்பார்கள். மோகினி, மாயக்காரி, சூனியக்காரி என்று நாம் தனித்தனியாக வைத்திருக்கும் வசவுகளை அவர்கள் ஒரே டப்பாவில் போட்டு மூடி வைத்திருக்கிறார்கள்.

என்னைச் சீனப் பள்ளியில் சேர்த்தது அப்பாதான். மரியாதை கொடுத்தே எழுதுகிறேன், கை பழகிவிட்டது. அம்மாவுக்குத் தமிழ்ப்பள்ளியில் போட வேண்டும் என்றிருந்தது. "நாளைக்கு வேலைன்னு போய் நின்னா சீனம் தெரியுமான்னுதான் கேப்பானுங்க" என்று அப்பா ஒரே பிடியாக நின்றார். அவர் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டினார். வகுப்பில் நான் ஒருத்திதான் தமிழ்ப்பெண். வீட்டுப்பாடத்தில் சந்தேகம் என்றால் கேட்பதற்கு வீட்டில் ஆளில்லை. அழுதுகொண்டேதான் படித்தேன், ஆனால் படித்துவிட்டேன். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. தேநீர்க் கடையில் உட்கார்ந்தால் போதும், "என் மக சீனனையே தூக்கிச் சாப்பிட்டுடுவா லா" என்று ஆரம்பித்துவிடுவார். கடைப்பலகைகளைக் காட்டி, நான்கு பேர் கேட்கும்படி என்னை வாசிக்கச் சொல்வார்.

அப்படிப் பெருமை அடித்துக்கொள்ளத்தான் ஒரு தீபாவளிக்கு முன்னால் என்னை அந்தச் சலூனுக்குக் கூட்டிப்போனார். அந்தப் பெண்ணுக்கு அம்மாவை விடக் கொஞ்சம் வயது கூடவே இருக்கும். பெரிய அழகி என்றெல்லாம் சொல்ல முடியாது. சுத்தமாக இருந்தாள், சத்தம் போடாமல் பேசினாள், அவ்வளவுதான். நான் மாண்டரினில் வணக்கம் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். நான் விடாமல் மாண்டரினில் பேச, அவளும் விடாமல் ஆங்கிலத்திலேயே நின்றாள். ஒரு கறுத்த பெண் தன் மொழியைப் பேசுவதை ஒத்துக்கொள்ள மனமில்லாத திமிர் என்று நான் எடுத்துக்கொண்டேன். கடைப்பலகையிலும் ஒரு சீன எழுத்துகூட இல்லை, எல்லாம் ரோமன் எழுத்து. பெரிய நாகரிகக்காரி என்று மனதுக்குள் முகத்தைச் சுளித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அப்பா அடிக்கடி முடி வெட்டப் போனார். அவர் தலையில் இருந்த முடிக்கு அத்தனை முறை வெட்டினால் மொட்டைதான் மிஞ்சும். மீசைக்குக் கறுப்புச் சாயம் ஏறியது. அம்மா ஒன்றும் கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை காலை, துணிமணிகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு, "உங்களுக்கு ஒரு குறையும் வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். சலூனுக்கு மேல்மாடியிலேயே இருவரும் குடியிருந்தார்கள். எங்கள் அடுக்குமாடி வீட்டிலிருந்து அது அப்படியொன்றும் தூரம் இல்லை. பஸ்ஸில் போகிறவர் மாதிரி, அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார்.

அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். "அவ சொக்குப்பொடி போட்டுட்டாக்கா, மனுஷன் என்ன பண்ணுவாரு" என்று ஆறுதல் சொன்னார்கள். அம்மாவுக்கு அந்த ஆறுதலில்தான் வயிறு எரிந்தது. அவர்கள் போன பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"உன் பள்ளிக்கூடத்துல இவள மாதிரி பொம்பளைக்கு எழுத்து இருக்கா?"

"இருக்கும்மா. நிறைய இருக்கு."

"நிறைய வேணாம். ஒண்ணு போதும். பாத்தவொடனே அவளுக்குச் சுடணும்."

அம்மா சேலைக்கடைக்கு ரவிக்கை தைப்பவள். தீபாவளி வந்துவிட்டால் பேரங்காடிகளில் சாயம் போட்ட அரிசியில் ஆள் உயரத்துக்குக் கோலம் போடக் கூப்பிடுவார்கள். மயில், யானை, தாமரை, எது வேண்டுமானாலும் அவள் விரலிலிருந்து இறங்கும். அப்படிப்பட்டவளுக்கு ஓர் எழுத்து எம்மாத்திரம். நான் சமையலறைத் தரையில் சாக்பீஸால் எழுதிக் காட்டினேன். கோடுகளை எந்த வரிசையில் இழுக்க வேண்டும் என்று பள்ளியில் அடித்துச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அம்மா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. முதலில் மாவால் புள்ளி வைத்தாள். புள்ளிகளை எண்ணிப் பார்த்துக்கொண்டு, அவற்றைச் சுற்றி இழுத்தாள்.

"இதுல எங்கடி பொம்பள?"

இடப்பக்கத்தைக் காட்டினேன்.

"திட்டுற எழுத்துன்னா பொம்பளைய சேத்துதான் போடுவானுங்களா?"

"பொறாமைக்குப் போடுவாங்க, அடிமைக்குப் போடுவாங்க. நல்லதுக்கும் போடுவாங்கம்மா, ஒண்ணு ரெண்டு."

"மயங்குனவன் எங்க?"

நான் எழுத்தை மறுபடி பார்த்தேன். அந்த எழுத்தில் ஆண் இல்லை. மயக்கியவளுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள், மயங்கியவனைக் காணோம். அம்மா என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். அப்பா போன பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. "எல்லா ஊர்லயும் இதே கதைதான்" என்று சொல்லிவிட்டு மாவை வழித்துப் போட்டாள்.

மறுநாள் விடியுமுன்னே அம்மாவின் கப்சாயில், அந்தச் சின்ன மோட்டார்சைக்கிளில், கிளம்பினோம். நான் பின்னால் பள்ளிச்சீருடையில் உட்கார்ந்திருந்தேன், மடியில் மாவு டின். சலூன் கடைவரிசையில் ஒரு கதவும் திறந்திருக்கவில்லை. மூடிய இரும்புக்கதவுக்கு முன்னால் அம்மா கொஞ்சம் தண்ணீர் தெளித்து, குனிந்து, ஒரே மூச்சில் போட்டு முடித்தாள். நான்கு மூலைக்கும் கோலத்தில் இழுக்கிற மாதிரி ஒவ்வொரு சுழி வேறு. பார்க்க அழகாக இருந்தது. வசவு அப்படி அழகாக இருக்கலாமா என்று எனக்கே சங்கடமாகிவிட்டது.

தினமும் போனோம். ஒரு நாள், நாயைக் கூட்டிக்கொண்டு நடக்க வந்த சீனப் பெரியவர் ஒருவர் நின்று பார்த்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுதும் அம்மாவைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், பிறகு என் பக்கம் திரும்பி மாண்டரினில், "நன்றாக எழுதியிருக்கிறார்" என்று சொல்லிவிட்டு நாயை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

"என்னடி சொன்னாரு?"

"பயந்துட்டாரும்மா."

அம்மாவுக்கு அன்றைக்கு முழுக்கச் சந்தோஷம்.

பள்ளி முடிந்து பஸ்ஸில் வரும்போது அந்த வரிசையைக் கடந்துதான் வருவேன். வாசல் கழுவித் துடைத்தது போல் இருக்கும். எழுத்தின் சுவடே இருக்காது. அம்மாவிடம் சொன்னால், "அவ அழிக்கிறான்னா சுடுதுன்னுதான அர்த்தம்" என்பாள். சொல்லிவிட்டுப் பாட்டை முணுமுணுத்தபடி கடுகைத் தாளிப்பாள். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் சாப்பாடு ருசியாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன். பழிவாங்குவது உடம்புக்கு ஆகாது என்று சொல்பவர்கள் அதை ஒழுங்காகச் செய்து பார்த்ததில்லை.

பள்ளி விடுமுறை வந்தது. அந்தப் பெண் எழுத்தைப் பார்க்கும்போது அவள் முகம் எப்படிப் போகிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அம்மா போட்டு முடித்ததும், நான் எதிர்வரிசையில் இருந்த டயர் கடையின் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அம்மா மோட்டாரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்துப் படிக்கட்டுக் கதவு திறந்தது. அந்தப் பெண் வரவில்லை. அப்பா வந்தார். சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். ஒரு கையில் வாளி, ஒரு கையில் துடைப்பம். எங்கள் வீட்டில் தண்ணீர் குடித்த தம்ளரைக்கூட எடுத்து வைக்காத மனிதர் அவர். எழுத்தை மிதிக்காமல் சுவரோடு ஒட்டிச் சுற்றி வந்தார். எலுமிச்சம்பழத்தை அறுத்து ஓரத்தில் வைத்தார். வாளியில் இருந்தது மஞ்சள் தண்ணீர். ஊற்றும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு மண்டியிட்டுத் தேய்த்தார், சிமெண்ட் நோகும்படி தேய்த்தார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் அதை வசவு என்று நினைக்கவில்லை, செய்வினை என்று நினைக்கிறார். எங்கள் பக்கத்துச் சீனர் கோயில்களில் சாமி வந்து ஆடுபவர்கள் மஞ்சள் காகிதத்தில் சிவப்பு மையால் கிறுக்கிக் கொடுப்பார்கள். நோய்க்கு, திருஷ்டிக்கு, லாட்டரி நம்பர் எடுப்பதற்கு என்று தமிழர்களும் போய் வாங்குவார்கள். அம்மா அப்படி ஓர் இடத்தில் வாங்கி வந்து போடுகிறாள் என்று அவராகவே முடிவு செய்திருந்தார்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அவள் தையல் மெஷினில் இருந்து காலை எடுத்தாள்.

"மண்டி போட்டாரா?"

"ஆமாம்மா."

"தேச்சாரா?"

"தேச்சாரு."

காலை மறுபடி மெஷினில் வைத்தாள். பிறகு, "நாளைலேர்ந்து நடுவுல கொஞ்சம் குங்குமம் வைப்போம்" என்றாள்.

குங்குமம் வைத்த சில நாட்களிலேயே அப்பா என்னைத் தேடி வந்தார். விடுமுறை முடிந்து பள்ளி திறந்திருந்தது. கேட்டுக்கு வெளியே லோரியை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கழுத்தில் புதிதாக ஒரு தாயத்து, மணிக்கட்டில் கறுப்புக்கயிறு. கன்னம் ஒடுங்கியிருந்தது. சாயம் போய் மீசை நரை காட்டியது.

"அம்மா போடுறாளே, அது என்ன எழுத்தும்மா? எந்தக் கோயில்ல வாங்குனா?"

நான் புத்தகப்பையை மறுதோளுக்கு மாற்றினேன்.

"எனக்கு வந்தா வரட்டும், ஆன்டிக்கு வரக்கூடாது. அவ கண்ணுல பட்டுடக்கூடாதுன்னுதான் விடியறதுக்குள்ள கழுவிடறேன். அவ படிச்சிட்டா அவளுக்குப் புடிச்சிக்கும். நீ சீனம் படிச்ச பிள்ளதான? என்னன்னு சொல்லு."

அவள் கண்ணில் படக்கூடாதாம். அம்மாவின் கண்ணில் எது எது பட்டது என்று இந்த மனிதர் ஒரு நாளாவது யோசித்தாரா? ஒரு வார்த்தையில் நான் அவரை விடுவித்திருக்கலாம். நாலாம் வகுப்புப் பிள்ளை படித்துவிடும் எழுத்துதான் அது. நான் நிதானமாகச் சொன்னேன்.

"அது பள்ளிக்கூடத்துல சொல்லித்தர்ற எழுத்து இல்லப்பா. சாமி எழுத்து. என்னால படிக்க முடியல. யாருகிட்டயும் காட்டி மட்டும் கேட்டுடாதீங்க. வாயால சொன்னா பலிச்சிடுமாம்."

அவர் முகம் வெளிறியது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் பஸ் பிடித்து வீட்டுக்குப் போனேன். இதற்காக நான் வருத்தப்பட்டது கிடையாது. வருத்தப்பட வேண்டும் என்று யாராவது எதிர்பார்த்தால் அது அவர்கள் பாடு.

நடந்ததை அம்மாவிடம் ஒப்பித்தேன். "அவ கண்ணுல படக்கூடாதுன்னு" என்ற இடத்தில் அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டாள். மறுநாள் காலை கடைசியாக ஒரு தடவை போனோம். அம்மா மற்ற நாட்களைவிட நிறுத்தி, அழுத்திப் போட்டாள். நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"போதும். இனிமே நாம போட வேண்டியதில்ல. அவரே போட்டுக்குவாரு."

அடுத்த வருடமே கோலாலம்பூருக்கு, பிரிக்பீல்ட்ஸுக்குக் குடிவந்துவிட்டோம். அம்மாவுக்கு அங்கே ஒரு சேலைக்கடையின் பின்னறையில் தையல் வேலை கிடைத்தது. நான் படித்து முடித்தேன். அப்பா சொன்னது சரியாகத்தான் போனது, வேலைக்குப் போய் நின்ற இடத்தில் சீனம் தெரியுமா என்றுதான் கேட்டார்கள். உயரமான கண்ணாடிக் கட்டடம் ஒன்றில், பல நாட்டு வாடிக்கையாளர்களுக்குப் பதில் எழுதும் வேலை. என் வரிசை மாண்டரின். அடுத்த வரிசைகளில் ஜப்பானியம், கொரியம், வியட்நாமியம்.

ஒரு மதியம், காபி போடும் இடத்தில் நின்றுகொண்டு, ஜப்பானிய வரிசைத் தோழியிடம் அந்த எழுத்தைக் கைப்பேசியில் காட்டினேன். பல வருடமாக யாரிடமும் காட்டாதது. அவள் "யோ" என்று வாசித்தாள். யோகாய் என்றால் விசித்திரப் பிறவிகள் என்றாள், பாழடைந்த வீட்டில் இருப்பவை, ஆற்றில் இருப்பவை, பழைய குடைக்குக் கண் முளைத்து ஒற்றைக்காலில் குதிப்பவை. பிறகு, இதோடு இன்னோர் எழுத்தைச் சேர்த்து, சீனர்கள் புருஷனைப் பறித்தவளைத் திட்டும் அதே இரண்டெழுத்துச் சொல்லைத் தட்டச்சு செய்து காட்டி, "இது யோசெய், பூவில் உட்கார்ந்திருக்கும், சிறகு இருக்கும், குழந்தைகளுக்குப் பிடிக்கும்" என்றாள். கொரியத் தோழன் அந்த எழுத்தை அடையாளம் காண அகராதியில் தேட வேண்டியிருந்தது, அவர்கள் இப்போது சீன எழுத்தை அதிகம் எழுதுவதில்லை. கண்டுபிடித்ததும், அவர்களுக்கும் யோஜோங் என்றால் தேவதைதான் என்றான். ஆனால் ராஜா காலத்து நாடகங்களில் மகாராணி ஆசைநாயகியைத் திட்டும் வார்த்தையிலும் இதே எழுத்து உண்டாம். வியட்நாம்காரிக்கு எழுத்து தெரியாது, ஒலி தெரிந்தது. அவர்களுக்கு அது காட்டுப்பேய்.

எனக்குக் கோபம்தான் வந்தது. என் அம்மா அரிசிமாவில் போட்ட வசவுக்கு வேறு ஊரில் சிறகு முளைத்திருந்தது. ஓர் ஊரில் அவளைக் கண்டு நடுங்குகிறார்கள், ஓர் ஊரில் சொக்கிப் போகிறார்கள், ஓர் ஊரில் பொம்மையாக்கிப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அந்த எழுத்துக்குள் நிற்கும் பெண் யார், அவளுக்குச் சாப்பாடு யார் போடுகிறார்கள் என்று எந்த ஊரிலும் கேட்கவில்லை. மயங்கியவனை மட்டும் எல்லா ஊரிலும் பத்திரமாக வெளியே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அன்று மாலை அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு, "சிறகா? அவளுக்கா?" என்று மூக்கைச் சுளித்தாள்.

அம்மா போன வருடத்துக்கு முந்தைய வருடம் இறந்துபோனாள். சர்க்கரை வியாதி, பிறகு சிறுநீரகம். அத்தனை வருடங்களில் அப்பா ஒரு தடவைகூட எங்கள் வாசலுக்கு வந்ததில்லை. கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கு ரயில் ஓடுகிறது, ஏறினால் இறங்கிவிடலாம். நான் பட்டம் வாங்கியபோது வரவில்லை, அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் வரவில்லை. சாவுக்கு வந்தார். வாசலில் நின்று தரையை இங்கும் அங்கும் பார்த்த பிறகுதான் காலை உள்ளே வைத்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்து அழுதார். அழுது ஓய்ந்த பிறகு, என்னை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

"கட்ட அவுத்துட்டுத்தான் போனாளா?"

"என்ன கட்டு?"

"அந்த எழுத்தும்மா. அது இருக்கிறவரைக்கும் உங்க வாசப்படிய மிதிக்கக்கூடாதுன்னு கோயில்ல சொல்லிட்டாங்க. அதான் வர முடியல. இல்லாட்டி வராம இருப்பனா? நீ என் பிள்ள இல்லையா?"

பெண்டாட்டி பிணமாகக் கிடக்கிறாள், இவருக்குக் கட்டுதான் கவலை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவருடைய பயத்தை இத்தனை வருடமும் எங்கள் சம்பாத்தியமாக நினைத்துக்கொண்டிருந்தோம், நானும் அம்மாவும். பார்த்தால், நாங்கள் போட்ட எழுத்தையே அவர் குடையாகப் பிடித்துக்கொண்டு நனையாமல் நின்றிருக்கிறார். வராததற்கு, கேட்காததற்கு, எல்லாவற்றுக்கும் அந்த எழுத்துதான் காரணம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிட்டிருக்கிறார். அங்கேயே உண்மையைச் சொல்லிக் குடையைப் பிடுங்கியிருப்பேன். அம்மாவைக் கிடத்திவைத்துக்கொண்டு சத்தம் போட மனம் வரவில்லை. "எனக்குத் தெரியாது" என்று உள்ளே போய்விட்டேன்.

சென்ற ஆண்டுக் கடைசியில் அந்தப் பெண் என் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். பேச வேண்டும் என்றாள். பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு வரச் சொன்னேன். கிழவியாகியிருந்தாள். முடியைச் சாயம் போடாமல் விட்டிருந்தாள். அப்பாவோடு இருந்து கற்றுக்கொண்ட தமிழ் அவளிடம் கொஞ்சம் இருந்தது.

"உங்க அப்பா டெய்லி மார்னிங் பக்கெட் எடுக்குது. கடை முன்னாடி கழுவுது. இத்தன வருஷம். நான் சொல்லு, வேணாம் லா, கிளீன்தான். கேக்காது. இப்ப கால் நல்லா இல்ல, ரெண்டு டைம் விழுந்துடுச்சு. ஏன் கழுவுதுன்னு கேட்டா அழுவுது. உன் பேருதான் சொல்லுது. நீ வந்து பேசு, கேர்ள்."

"ஆன்டி, அந்த வாசல்ல என்ன எழுதியிருந்ததுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"ஒரு டைம் மாடியிலேர்ந்து பாத்தேன். உங்க அம்மா டிராயிங். ரொம்ப அழகு."

நான் பையிலிருந்து பேனாவை எடுத்து, கைதுடைக்கும் தாளில் பெரிதாக எழுதி அவள் பக்கம் நகர்த்தினேன். இதற்குத்தானே இத்தனை வருடம் காத்திருந்தேன். அவள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தாளை நேராக வைத்தாள், கொஞ்சம் திருப்பினாள். பிறகு என்னையே பார்த்தாள்.

"ஐயோ, எனக்குச் சைனீஸ் படிக்கத் தெரியாது லா. நான் இங்கிலீஷ் ஸ்கூல். வீட்ல ஹொக்கியன் பேசும், மாண்டரின் கொஞ்சம்தான் புரியும். இது என்ன?"

வாழையிலையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. பலகையில் ஏன் சீன எழுத்து இல்லை, நான் மாண்டரினில் பேசியபோது ஏன் ஆங்கிலத்தில் நின்றாள், எல்லாம் அந்த ஒரு பதிலில் விளங்கிவிட்டது. என் முகத்தைப் பார்த்து, இவளுக்குச் சீனம் எங்கே தெரியப்போகிறது என்று நினைப்பவர்களிடம் வாழ்நாள் முழுக்கச் சண்டை போட்டவள் நான். அதே நான், அவள் முகத்தைப் பார்த்து, இவள் படித்துவிடுவாள் என்று ஒரு நொடிகூடச் சந்தேகப்படவில்லை. படிக்கத் தெரியாத அம்மா எழுதினாள். படிக்கத் தெரியாத அப்பா, படிக்கத் தெரியாதவளுக்காக, விடியுமுன் கழுவினார். அந்தத் தெருவில் அதைப் படித்தது நானும் ஒரு நாய்க்காரரும்தான்.

"சொல்லு கேர்ள், என்ன எழுத்து?"

"வீட்டுக்கு வந்து சொல்றேன்" என்றேன்.

இரக்கப்பட்டுக் கிள்ளானுக்குப் போனேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தக் குடையைப் பிடுங்கத்தான் போனேன். ஞாயிற்றுக்கிழமை காலை முதல் ரயிலில் போய் இறங்கினேன். சலூன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அப்பா உட்கார்ந்திருந்தார். தரை ஈரமாக இருந்தது, பக்கத்தில் காலி வாளி கவிழ்த்து வைத்திருந்தது. சிமெண்ட் அந்த ஓர் இடத்தில் மட்டும் தேய்ந்து பள்ளமாக இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. அந்தப் பெண் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

நான் அம்மாவின் மாவு டின்னைக் கொண்டுபோயிருந்தேன். ஒன்றும் சொல்லாமல் அந்தப் பள்ளத்தின் மேல் புள்ளி வைத்தேன். அம்மா போட்ட மாதிரியே இழுத்தேன். கடைசிக் கோட்டை முடிப்பதற்குள் அப்பா கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"வேணாம்மா... வேணாம்மா..."

"இத படிக்கத் தெரியாதுன்னு சொன்னேன்ல? பொய்ப்பா. நாலாம் வகுப்புப் பாடம். கோயில்ல வாங்குனது இல்ல. அம்மா கேட்டாங்க, நான்தான் எழுதிக் காட்டினேன். மாயக்காரின்னு அர்த்தம். ஆன்டிய திட்டி எழுதுனது. அவ்வளவுதான்."

அந்தப் பெண் அவர் தோளிலிருந்து கையை எடுத்தாள். தரையை ஒரு முறை பார்த்தாள். "ஓ" என்றாள். பிறகு மெதுவாக, "உங்க அம்மா திட்டு, கரெக்ட் லா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவளை நோகடிக்கத்தான் அத்தனை மாவும். நொந்தாளா, ஒத்துக்கொண்டாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அன்று எனக்கு அது முக்கியமாகவும் படவில்லை.

அப்பா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். "இல்ல. நீ என் மனசு தேறணும்னு சொல்ற. அது கட்டுதான். சாமியே சொல்லுச்சு."

"சாமிகிட்ட நீங்க எழுத்த காட்டவே இல்லையே. காட்டக்கூடாதுன்னு நான்தான சொல்லி வச்சேன். ஒரு கட்டும் இல்லப்பா. அன்னிக்கும் இல்ல, இன்னிக்கும் இல்ல. உங்கள யாரும் புடிச்சு வைக்கல. எப்ப வேணும்னாலும் வந்திருக்கலாம்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கை ஈரமாக, சில்லென்று இருந்தது. கட்டு என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு என்று அந்தக் கை கெஞ்சியது. நான் சொல்லவில்லை. தெருவில் யாரோ கடைக்கதவைத் தூக்கும் சத்தம் கேட்டது. அவர் தரையில் இருந்த எழுத்தை, முதல் தடவையாக முகத்தைத் திருப்பாமல் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

"கட்டு இல்லன்னா" என்று கடைசியில் கேட்டார், "நான் ஏம்மா வரல?"

"அததான்பா அம்மாவும் கடைசிவரைக்கும் கேட்டுக்கிட்டு இருந்தாங்க" என்று சொல்லிவிட்டு, கையை விடுவித்துக்கொண்டு, டின்னை மூடினேன்.